ஆடு கட்டப் போனவளின் ஆஸ்பிரின்

டெல்லா ஹாகன் எனக்கு வேதியியல் ஆய்வகத்தில் பார்ட்னராக வந்தபோது அவள் விளையாட்டு வீராங்கனை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். முன்கை முழுக்கக் கீறல், முழங்காலில் கட்டு. வாலிபாலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது வாரம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"ஆடு கட்டுறேன்" என்றாள்.

"எங்க கட்டுற?"

"எங்கன்னா? ரோடியோல, அந்தக் கௌபாய் போட்டியில. குதிரையில வெறி வேகத்துல வருவேன். அது நிக்கறதுக்கு முன்னாடியே குதிச்சு, ஆட்டப் புடிச்சுப் படுக்கப் போட்டு, மூணு கால சேத்துக் கட்டுவேன். யாரு சீக்கிரம் கட்டுறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க."

"ஆடு அப்படி என்ன தப்பு பண்ணுச்சு?"

அவள் சோதனைக் குழாயைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ எந்த ஊருடா?"

நான் ப்யூட் நகரத்துக்காரன். மைலோ பெட்ரோவிச் என்று பெயர். எங்கள் மொன்டானா மாநிலத்தில் பிறந்தவர்கள் எல்லாம் குதிரைச் சேணத்தோடு பிறந்ததாக வெளியில் ஒரு பேச்சு உண்டு. எங்கள் ஊர் சுரங்க ஊர். தாத்தா பூமிக்கடியில் வேலை பார்த்தார், அப்பா அந்தச் சுரங்க எந்திரங்களைப் பழுது பார்த்தார். எனக்கு நெருக்கமாகப் பழக்கமான ஒரே மிருகம் மாமா வீட்டு நாய். அதுவும் என்னைக் கடித்திருக்கிறது. மருந்தியல் கல்லூரியில் சேர வேண்டும், அதற்கு வேதியியலில் நல்ல மதிப்பெண் வேண்டும். என் கவலை அவ்வளவுதான்.

ஏப்ரல் பிறந்ததும் எனக்குச் சோதனை ஆரம்பித்தது. ரோடியோ பருவம் என்றால் வாரா வாரம் ஒவ்வொரு ஊர். சனிக்கிழமை மாலை ஆட்டத்துக்குத்தான் கூட்டம் வரும். அதில் எல்லோருக்கும் இடம் போதாது. மிஞ்சியவர்களைக் காலியான இருக்கைகளுக்கு முன்னால் வெள்ளிக்கிழமை பகலிலேயே ஓடவிட்டு முடித்துவிடுவார்கள். அதற்கு ஸ்லாக் என்று பெயர். யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கியது போல வந்து விழும். டெல்லாவுக்கு ஏதோ சாபம், வெள்ளிக்கிழமையாகவே விழுந்தது. எங்கள் ஆய்வகமும் வெள்ளிக்கிழமைதான், காலை எட்டிலிருந்து பதினொன்று வரை.

கால்பந்து ஆடுகிறவர்களுக்கு விளையாட்டுத் துறையிலிருந்து விடுப்புக் கடிதம் வரும், பேராசிரியர்கள் தலையாட்டிவிடுவார்கள். ரோடியோ எங்கள் பல்கலைக்கழகத்தில் வெறும் மாணவர் சங்கம். செஸ் சங்கம் மாதிரி. கடிதம் கிடிதம் எதுவும் கிடையாது.

அவள் வராத முதல் வெள்ளிக்கிழமை ஒற்றை ஆளாக ஒரு கையால் காரக் கரைசலைச் சொட்டவிட்டு, மறு கையால் குடுவையைச் சுழற்றி, கண்ணால் அளவும் பார்த்தேன். எப்படியோ முடிந்தது. இரண்டாவது முறை அவள் வராதபோது, அளவைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் சொட்டு கூடிப்போய் குடுவை அடர் இளஞ்சிவப்பாகிவிட்டது. திரும்ப முதலிலிருந்து. மற்றவர்கள் எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள், நான் மட்டும் நின்று சொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை டெல்லா வந்து, "ஸாரிடா, ஒரு பை பேஸ்டி வாங்கித் தரேன்" என்றாள். பேஸ்டி என்பது எங்கள் ஊர்க்காரர்களின் உயிர், இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட ரொட்டி. அதை வைத்து என்னை வளைத்துவிடலாம் என்று அவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் வளையவில்லை. பேஸ்டியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஆய்வகத்தை நடத்தியது மிஸ் ஃபெரர் என்ற ஆராய்ச்சி மாணவி. சின்ன உருவம், குரலை உயர்த்தவே மாட்டார். ஆனால் அவர் வைத்த விதி வைத்ததுதான். இரண்டு முறை வராமல் இருக்கலாம். மூன்றாவது முறை வராவிட்டால் பாடத்தில் தோல்வி. நான் அவரிடம் போய் நின்றேன்.

"மிஸ், எனக்கு வேற பார்ட்னர் குடுங்க."

"டெல்லாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல மிஸ்."

"சொல்லாம எங்கிட்ட வந்தா எப்படி? சரி, நானே அவகிட்ட சொல்றேன். அடுத்த வாரத்துக்கு அப்புறம் பார்க்கலாம்."

அடுத்த வாரத்துக்கு அப்புறம் அவள் இருக்கவே மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. கிழக்கே டன்மோர் என்ற ஊரில் அந்த வாரம் பெரிய ரோடியோ. சாப்பாட்டுக் கூடத்தில் அவளுடைய தோழி ஜோனி புலம்பியது என் காதில் விழுந்தது. மறுபடி ஸ்லாக். மறுபடி வெள்ளிக்கிழமை. டெல்லா போனால் ஆய்வகப் பாடம் போச்சு. பாடம் போனால் முழுநேர மாணவி என்ற கணக்கு குறையும். கணக்குக் குறைந்தால் கல்லூரி ரோடியோவிலேயே கால் வைக்க முடியாது. போகாவிட்டால் தேசியப் போட்டிக்குச் சேர்க்கிற புள்ளிகள் போச்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். எனக்கென்ன என்று சூப்பைக் குடித்தேன். ஆனால் சூப் ருசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது ஆய்வகக் கதவைத் திறந்தேன். எங்கள் மேஜையில் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஏப்ரன் கட்டிக்கொண்டு டெல்லா நின்றுகொண்டிருந்தாள். வெந்நீர்ப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டிருந்தாள். குடுவைகளைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்தும் வைத்திருந்தாள்.

"நீ போகல?"

"எங்க போறது? இங்கதானே வகுப்பு."

"இல்ல... டன்மோர்..."

"என் வண்டியும் ட்ரெய்லரும் நேத்தே ஜோனி எடுத்துட்டுப் போயிட்டா. என் குதிரை டஃபி அங்க இருக்கான். நான் இங்க இருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மிஸ் சொன்னாங்க. நீ கேட்டதுல தப்பு ஒண்ணுமில்ல மைலோ. நானா இருந்தா மொத வாரமே கேட்டிருப்பேன். உன்ன ரெண்டு வாட்டி நட்டாத்துல விட்டுட்டேன்."

நான் ஏப்ரன் கயிற்றைப் பின்னால் முடிய முயன்றேன். அது வழக்கம்போலக் கையில் அகப்படவில்லை. அவள் ஒரு சுற்றுச் சுற்றி, கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

"அப்ப இன்னிக்கு ஆட்டம் அம்போவா?"

"கோச்சோட வேன் பத்து மணிக்குக் கெளம்புது. இத ஒழுங்கா, சீக்கிரமா முடிச்சா ஓடிப்போய் ஏறிக்குவேன். முடியலன்னா முடியல. பாதியில ஓட மாட்டேன், பயப்படாத."

அன்று செய்ய வேண்டியது ஆஸ்பிரின். தலைவலி மாத்திரைதான். அமிலப் பொடியையும் மூக்கைத் துளைக்கும் இன்னொரு திரவத்தையும் கலந்து, சூடாக்கி, தண்ணீர் ஊற்றி, பனிக்கட்டியில் வைத்தால் வெள்ளை வெள்ளையாகப் படிகம் இறங்கும். அதை வடித்து, காயவைத்து, எடைபோட்டு, மேஜையைத் துடைத்துக் காட்டினால்தான் மிஸ் ஃபெரர் கையெழுத்துப் போடுவார்.

டெல்லா அன்று வேலை செய்ததைப் பார்த்தபோது, இத்தனை வாரம் இவள் என்னோடு இருந்திருந்தால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும் என்று எரிச்சல்கூட வந்தது. அந்தக் கைகளில் பதற்றமே இல்லை. எடையும் சரி, அளவும் சரி. ஒரு துளி சிந்தவில்லை. அறை முழுக்கப் புளித்த காடி வாசனை. ஒன்பது மணிக்கெல்லாம் வெந்நீரிலிருந்து குடுவையை இறக்கிவிட்டோம். எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை.

"இந்த வேகத்துல போனா நான் வேன்ல ஜன்னல் சீட்டே புடிச்சுடுவேன்" என்றாள். "ஆமா, போன தடவை நீ தனியா நின்னு மிஸ்கிட்ட பாட்டு வாங்கினியாமே?"

"பாட்டா? குடுவை பஞ்சு மிட்டாய் கலர்ல இருந்துச்சு. மிஸ் வந்து பாத்துட்டு, 'அழகா இருக்கு, ஆனா இது வேதியியல் இல்ல'ன்னாங்க."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே குடுவையில் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தபோது தேவையானதைப் போல இரண்டு மடங்கு உள்ளே போய்விட்டிருந்தது.

"ஐயோ."

"ஐயோதான்" என்றாள்.

தண்ணீர் அதிகமானால் படிகம் அவ்வளவு லேசில் வராது. பனிக்கட்டிக்குள் குடுவையை வைத்துவிட்டு இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தெளிந்த ஊற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. பக்கத்து மேஜைகளில் ஒவ்வொருவராக வடிகட்ட ஆரம்பித்தார்கள். ஒன்பதே முக்கால். டெல்லாவின் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்து, வெளியே போய் பேசிவிட்டு வந்தாள்.

"கோச்சா?"

"ம். மத்த புள்ளைங்க ஆறு பேர் வேன்ல இருக்காங்க. காக்க வைக்க முடியாதுல்ல. போகச் சொல்லிட்டேன்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "பனிக்கட்டி கரையுது பாரு, கொஞ்சம் அள்ளிட்டு வா."

அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பனிக்கட்டி அள்ளப் போன இடத்தில் மிஸ் ஃபெரரிடம் சொன்னேன். "மிஸ், தப்பு என்னுது. அவள மட்டும் விட்டுடலாமா? மீதிய நான் பார்த்துக்கறேன்."

"பாதியில போனா வராத கணக்குதான் மைலோ. ஒருத்தருக்கு ஒரு விதி, இன்னொருத்தருக்கு இன்னொரு விதின்னு என்னால வைக்க முடியாது." அவர் எங்கள் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நல்லா சுண்ட வை. அப்புறம் திரும்பப் பனியில போட்டு, கண்ணாடிக் குச்சியால உள்பக்கத்த சுரண்டு. கீறல் விழுந்தா படிகத்துக்கு ஒட்ட ஒரு இடம் கிடைக்கும். பொறுமையா."

சுண்ட வைத்தோம். குளிர வைத்தோம். சுரண்டினோம். பல் கூசும் சத்தம். டெல்லா சுரண்டினாள், நான் சுரண்டினேன், மறுபடி அவள் சுரண்டினாள். "வாடி என் தங்கமே, வாடி" என்று குடுவையைக் கொஞ்சினாள். டஃபியிடம் இப்படித்தான் பேசுவாள் போலிருக்கிறது. திடீரென்று குச்சியின் நுனியில் ஒரு வெள்ளை இழை. அதைத் தொட்டு இன்னொன்று. பிறகு பனி கொட்டுகிற மாதிரி குடுவை முழுக்க வெள்ளை இறங்கிற்று. நாங்கள் இரண்டு பேரும் போட்ட கூச்சலில் பக்கத்து மேஜைக்காரன் வடிதாளைக் கிழித்துவிட்டான்.

வடித்து, காயவைத்து, எடைபோட்டு, கையெழுத்து வாங்கியபோது மணி பதினொன்றை நெருங்கியிருந்தது. டெல்லா மெதுவாக ஏப்ரனைக் கழற்றினாள். அவசரமே இல்லாத ஆளைப் போல.

"உன் ஆட்டம் எத்தன மணிக்கு?"

"ஆடு கட்டுறது ரெண்டு மணிக்கு மேல. விடு. ஜோனிக்குப் போன் போட்டு டஃபிய சேணம் எறக்கச் சொல்லணும்."

டன்மோருக்கு இரண்டரை மணி நேரம். என் கையில் அம்மாவின் பழைய சுபாரு கார் இருந்தது. மதியம் எனக்கு வகுப்பு இல்லை. நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"எறக்கச் சொல்லாத. வண்டிய எடுக்கறேன்."

"உன் வண்டியிலயா? அது ஊர் எல்லையத் தாண்டுமா?"

"நக்கல் பண்ணாம ஏறுடி."

கிழக்கே போகிற நெடுஞ்சாலை ஆற்றை ஒட்டியே ஓடும். அன்று காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருந்தது. டெல்லா பின் சீட்டில் ஏறி பூட்ஸ் மாற்றி, முழுக்கைச் சட்டை போட்டு, முன்னால் தாவி வந்து உட்கார்ந்தாள். அடுத்த வாரத் தேர்வுக்காகத் தன்னைக் கேள்வி கேட்கச் சொன்னாள். கேட்டேன். பாதிக்கு மேல் சரியாகச் சொன்னாள். தவறாகச் சொன்னதையும் அவ்வளவு உறுதியோடு சொன்னாள், நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது.

முக்கால்வாசித் தூரம் போனபோது சாலை வேலை. ஒரு பக்கத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண்மணி 'நில்' பலகையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். வழிகாட்டும் வண்டி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால்தான் எங்களை விடுவார்கள். எப்போது வரும் என்று கேட்டேன்.

"வரும்போது வரும், கண்ணு" என்றார்.

டெல்லாவுக்கு நிலைகொள்ளவில்லை. இடுப்பிலிருந்த ஆடு கட்டும் கயிற்றை உருவி விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "காலையிலேர்ந்து ஒரு தடவகூடக் கட்டிப் பாக்கல. கைய நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டுடா. ரெண்டு கையும். ஒரு காலையும் தூக்கு."

"காலையா? நான் ஆடா?"

"ஆடு இவ்வளவு கேள்வி கேக்காது."

ஸ்டீயரிங்குக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்த காலை ஒருவழியாக வெளியே எடுத்துக் கொடுத்தேன். சரக் சரக் என்று இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. கைகளை உயரத் தூக்கினாள். நான் மூட்டை மாதிரி உருண்டு கதவில் சாய்ந்து கிடந்தேன். ஜன்னலில் தட்டும் சத்தம். பலகைக்காரம்மா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை கயிற்றில் நின்றது, பிறகு என் முகத்தில்.

"தம்பி, எல்லாம் நல்லபடியா இருக்கா? பயப்படாம சொல்லு."

"இருக்கும்மா. ஆடு கட்டப் பழகுறா."

அவர் டெல்லாவின் தொப்பியைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "டன்மோர் ரோடியோவுக்கா? என் அக்கா பொண்ணும் அங்கதான் இன்னிக்கு ஓடுறா! இன்னும் இங்க என்ன பண்றீங்க, நேரமாச்சே!"

"நீங்கதாம்மா நிறுத்தி வெச்சிருக்கீங்க" என்றேன், கட்டுக்குள்ளிருந்தபடியே.

அப்போதும் அவர் விடவில்லை, வழிகாட்டி வண்டி வந்த பிறகுதான் விட்டார். ஆனால் எங்களை முதல் ஆளாக அனுப்பி, பலகையைத் தலைக்கு மேல் ஆட்டி வழியனுப்பினார். டெல்லா கட்டை முழுதாக அவிழ்த்தபோது நான் ஏற்கனவே ஒரு கையால் வண்டியை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

டன்மோர் மைதானத்துக்குள் நுழைந்தபோது ஒலிபெருக்கியில் ஆடு கட்டும் போட்டிக்குப் பெயர் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். வண்டி நிற்பதற்குள் அவள் இறங்கி ஓடினாள். ஜோனி டஃபியைச் சேணம் பூட்டி, நடக்கவிட்டுச் சூடேற்றித் தயாராக வைத்திருந்தாள். நான் மூச்சு விட்டுக்கொண்டு வேலி ஓரமாகப் போனேன். தொப்பி வைத்த, தோள் அகன்ற ஓர் அம்மாள் என்னை வழிமறித்தார். அவர்தான் கோச் ஸ்ட்ரவுட் என்று பிறகு தெரிந்தது.

"நீதான் அந்தத் தண்ணி ஊத்தின பயலா?"

"ஆமா... மேடம்."

"சரி, வா. ஆடு புடிக்கிற ஆளு கையச் சுளுக்கிட்டு உக்காந்திருக்கான். ஒரு ஆள் கொறையுது."

"மேடம், நான் ப்யூட்டுக்காரன்!"

"ப்யூட்டுக்காரனுக்குக் கை கெடையாதா? பாரு, கண்ணாடி வேற மாட்டிட்டு ரெடியா வந்திருக்கான்!"

ஆய்வகத்துப் பாதுகாப்புக் கண்ணாடி இன்னும் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மறுப்பதற்குள் மைதானத்தின் நடுவில் நின்றேன். முளைக்குச்சியில் நீளமான கயிறு, கயிற்றின் நுனியில் ஆடு. வெள்ளையும் பழுப்புமாக, மஞ்சள் கண்ணோடு, என் வாழ்க்கை வரலாறு முழுவதும் தெரிந்த மாதிரி என்னைப் பார்த்தது. கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், குதிரை பாதி தூரம் வந்ததும் விட்டுவிட்டுப் பின்னால் ஓடிவிட வேண்டும். கோச் சொல்லித் தந்தது அவ்வளவுதான். முதல் மூன்று பெண்கள் வந்து கட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் நான் தேவைக்கு மிகவும் முன்னாலேயே ஓடினேன். வேலிப்பக்கம் சிரித்தார்கள். நான் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டேன், புழுதிக்கு அது நல்லதுதான்.

"டெல்லா ஹாகன்!"

தூரத்தில் டஃபி ஒரு பழுப்புப் புள்ளியாகத் தெரிந்தான். பிறகு புள்ளி இல்லை. தரை அதிர்ந்தது. ஒரு குதிரை முழு வேகத்தில் நேராக நம்மை நோக்கி வருவது எப்படி இருக்கும் என்று சொல்லி விளங்கவைக்க முடியாது. என் கால்கள் போகலாம் என்றன. இந்த ஒரு முறை நான் சீக்கிரம் விடவில்லை. அவள் பல்லில் கவ்வியிருந்த கயிறு கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் விட்டுவிட்டுத் தாவினேன், தாவிய இடத்தில் குப்புற விழுந்தேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தபோது அவள் சேணத்திலிருந்து குதித்துக் காற்றில் இருந்தாள். இரண்டு காலும் தரையில் உழுதுகொண்டு வந்தன. ஆட்டின் பக்கவாட்டில் கை போட்டுத் தூக்கி, படுக்கவைத்து, கால்களைச் சேர்த்தாள். காலையில் என் ஏப்ரனை முடிந்த அதே விரல்கள். கைகள் மேலே போயின. ஆடு ஒருமுறை உதைத்தது. இன்னொரு முறை. கொடி பிடித்த நடுவர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கட்டு ஆறு நொடி நிற்க வேண்டும். நான் மண்ணில் படுத்தபடியே, "அசையாத, ராசா, அசையாத" என்று ஆட்டைக் கெஞ்சினேன். நின்றது. கொடி இறங்கிற்று.

"இன்னிக்கு இதுவரைக்கும் இதுதான் சிறந்த நேரம், நண்பர்களே!" என்றது ஒலிபெருக்கி. "ஆடு பிடிச்ச நம்ம விஞ்ஞானிக்கும் ஒரு கைத்தட்டு போடுங்க!"

காலி இருக்கைகளுக்கு நடுவில் இருந்த இருபது முப்பது பேரும் தட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சுற்றில் அவள் இரண்டாவதாக வந்தாள். நான் கல்லூரிக்குத் திரும்பாமல் அங்கேயே இருந்து பார்த்தேன். ஆடு பிடிக்கவும் கூப்பிட்டார்கள், மரியாதையாக மறுத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மிஸ் ஃபெரர் எங்கள் அறிக்கையைத் திருப்பித் தந்தார். "சுத்தமான ஆஸ்பிரின். ஆனா கிடைக்க வேண்டியதுல பாதிதான் கெடைச்சிருக்கு. மீதி எங்க?"

"தண்ணியோட போயிடுச்சு மிஸ்" என்றேன்.

"ம். மைலோ, நீ கேட்ட மாதிரி வேற மேஜையில ஒரு இடம் காலியாகுது. போறியா?"

டெல்லா குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய குடுவையையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

"வேணாம் மிஸ். இங்கயே இருக்கேன்."

"ஏன், ஆட்டு வாசனை புடிச்சுப் போச்சா?" என்றாள் டெல்லா, திரும்பிப் பார்க்காமலே.

அதற்கப்புறம் எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொன்னால் பொய். மே மாதத் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே அவளுக்கு ஸ்லாக் விழுந்தது. அந்த ஊர் ஐந்து மணி நேரத் தொலைவு. என் சுபாரு என்ன, சிறகு முளைத்தாலும் நடக்காது. அவள் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு ஆய்வகத்துக்கு வந்தாள். எட்டரைக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் பார்த்ததையும் பார்த்துவிட்டு, "என்ன, சொட்டு எண்ணு" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அமிலத்தின் நெடி என்று சொன்னாள். அன்று நாங்கள் செய்தது உப்புக் கரைசல், அதில் நெடியே கிடையாது. நான் சொட்டு எண்ணினேன். மதியம் ஒரு பேஸ்டி வாங்கி அவள் பைக்குள் வைத்தேன். "லஞ்சமா?" என்றாள். "ஆமா" என்றேன். உட்கார்ந்து முழுவதையும் தின்றாள். அவளுக்குப் பசிக்கிறது என்பதே எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த ஒரு வாரத்தால் எங்கள் வட்டாரத்தில் முதலிடம் கைநழுவிப் போனது. பருவம் முடிந்தபோது மூன்றாவதாக நின்றாள். தேசியப் போட்டிக்கு முதல் மூன்று பேர் போகலாம். மயிரிழையில் தப்பித்த மூன்றாவது. ஆய்வகத்தில் இரண்டு பேருக்கும் நல்ல மதிப்பெண்ணே வந்தது. என்னுடையது அவளுடையதைவிடக் கொஞ்சம் குறைவு. எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, மிஸ் ஃபெரரிடம் கேட்கவும் தைரியமில்லை.

கடைசித் தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்தோம். நல்ல வெயில். புல்வெளியில் எவனோ பிளாஸ்டிக் தட்டு வீசி விளையாடிக்கொண்டிருந்தான். நான் நடந்துகொண்டே கேட்டேன்.

"தேசியப் போட்டி என்னிக்கு? வெள்ளிக்கிழமை ஆய்வகம் இருக்குமே, என்ன பண்ணப் போற?"

டெல்லா நின்று, என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஜூன் மாசம்டா. ஜூன்ல ஏது வகுப்பு?"

நான் யோசித்தேன். உண்மைதான். வகுப்பும் கிடையாது, ஆய்வகமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. அவள் ஒரு வாரம் முழுக்க வேறு எங்கும் ஓட வேண்டியதில்லாமல் ஆடு கட்டலாம்.

"எனக்கும் அந்த வாரம் வேலை ஒண்ணுமில்ல" என்றேன்.

"ஆடு புடிக்க வரியா?"

"உக்காந்து பாக்க வரேன்."

"பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அவள் தன் வண்டியை நோக்கி நடந்தாள்.